மரபணுக் கட்டுப்பாடா, முறைப்படுத்தலா?

எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று செல்லுக்குள் அமைவதை ஆங்கிலத்தில் 'ஜீன் ரெகுலேஷன்' என்பார்கள். அதை 'மரபணுக் கட்டுப்பாடு' என்று எழுதுவது தவறு. நோட்ஸ், துண்டறிக்கை, யூடியூப் பாடம் என்று எங்கே பார்த்தாலும் இதே சொல்தான். தர்மபுரியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். "கருவில் இதயம் உருவாவதை மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன" என்ற வரிக்கு என்ன பொருள் என்று வகுப்பில் கேட்டேன். "இதயம் ரொம்பப் பெரிசா வளராம தடுக்குது சார்" என்றாள் ஒரு மாணவி. அவளுடைய தமிழ் சரிதான். வரிதான் பிழை.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் 'ரெகுலா'. நேர்கோல், அளவுகோல் என்று பொருள். கோல் பிடித்து நேராகச் செலுத்துவது என்ற கருத்து அதில் உண்டு. தடுப்பது என்பது அதில் ஒரு சிறு பங்குதான்.

'கட்டுப்பாடு' எப்படி உள்ளே வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1961இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ழாக்கோப்பும் மோனோவும் பாக்டீரியாவை வைத்து விளக்கிய லாக் ஓபரான், அதாவது பால்சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுத் தொகுதி, தான் இந்தத் துறையின் முதல் பாடம். அங்கே ஒடுக்கிப் புரதம் மரபணுவின் வாயிலில் உட்கார்ந்து அதை மூடி வைக்கிறது. அந்த ஒரு காட்சிக்குக் 'கட்டுப்பாடு' பொருந்தும். அதையே துறை முழுவதற்கும் பெயராக்கியதுதான் கோளாறு.

கருவின் இதயத்தைப் பாருங்கள். உடம்பின் எல்லா செல்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். எந்த செல்லில், எந்த நேரத்தில், எந்த மரபணு, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் இதயத் தசையும் தோலும் வேறுபடுகின்றன. கருவுற்று ஏறக்குறைய 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்கும் இதயம் அப்போது வெறும் குழல். அது வலப்பக்கமாக வளைந்து, அப்புறம் நான்கு அறைகளாகப் பிரிகிறது. என்.கே.எக்ஸ்.2-5, காட்டா4, டி.பி.எக்ஸ்.5 என்ற புரதங்கள் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டி, இதயத்துக்கு வேண்டிய மரபணுக்களை எழுப்பிவிடுகின்றன. பழ ஈயில் என்.கே.எக்ஸ்.2-5இன் உறவு மரபணு பழுதானால் இதயமே உருவாகாது. அதனால் அதற்கு 'டின்மேன்', அதாவது கதையில் வரும் இதயமில்லாத தகர மனிதன், என்று பெயர் வைத்தார்கள். எழுப்புகிற வேலைக்குக் 'கட்டுப்பாடு' என்று பெயரிட்டால் படிக்கிறவர் நேர் எதிராகத்தானே புரிந்துகொள்வார்?

டி.பி.எக்ஸ்.5 இன்னும் தெளிவான சான்று. இந்தப் புரதத்தைத் தரும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே ஹோல்ட்-ஓரம் நோய்க்குறி வரலாம்: கட்டைவிரல் கோணலாக இருக்கும் அல்லது இல்லாமலே போகும், இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருக்கும். புரதத்தின் அளவு பாதியானதால் வந்த வினை. இன்னொரு பக்கம், கீழறைப் பகுதியில் இந்தப் புரதம் இடப்பக்கம் மிகுந்தும் வலப்பக்கம் குறைந்தும் இருக்கும். அந்த எல்லையில்தான் நடுச்சுவர் எழும்புகிறது. சோதனையில் இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பரப்பிவிட்டால் சுவர் சரியாக எழுவதில்லை. குறைந்தாலும் கெடுதல், இடம் மாறிப் பரவினாலும் கெடுதல்.

இது வகுப்பறைச் சண்டை மட்டும் இல்லை. பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் பேரனின் மருத்துவத் தாளோடு வந்தார். குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. கூடக் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் 'மரபணுக் கட்டுப்பாட்டுக் குறைபாடு' என்று அச்சாகியிருந்தது. "என் பொண்ணு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனே பண்ணிக்கலயே சார், அப்புறம் எப்படி இது வந்துச்சு?" என்று கேட்டார். நோயைவிட அந்தத் தாள்தான் அந்த வீட்டை அதிகம் குழப்பியிருந்தது. ஊரில் எந்தச் சொல் எந்தப் பொருளில் புழங்குகிறது என்று பார்க்காமல், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிலர் 'ஒழுங்குபடுத்தல்' என்கிறார்கள். 'கட்டுப்பாட்டை'விட எவ்வளவோ மேல். நம் விவசாயிகள் மஞ்சள் கொண்டுபோகும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருக்கும் அதே சொல். ஆனால் பேச்சு வழக்கில் கலைந்து கிடப்பதைச் சரிசெய்வதுதான் ஒழுங்குபடுத்துவது. கருவில் எதுவும் கலைந்து கிடக்கவில்லை. இல்லாத ஒன்று வரிசையாக உருவாகிறது.

என் தேர்வு 'முறைப்படுத்தல்'. முறை என்றால் வரிசை, தடவை, உரிய வழி, நீதி. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்று குறள் சொல்வது நீதி செலுத்துகிறவனை. கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து விடுவது என்றால் எந்த வாய்க்காலுக்கு, எந்த நாளில், எவ்வளவு என்று எல்லாருக்கும் புரியும். மரபணு விஷயத்திலும் இடம், நேரம், அளவு என்ற இந்த மூன்றும்தான் உள்ளடக்கம். திறப்பதும் அடைப்பதும் இரண்டுமே முறைக்குள் அடங்கும்.

'முறை என்றால் முறைப்பெண், முறைமாமன் நினைவுக்கு வருமே' என்று சக ஆசிரியர் ஒருவர் தயங்கினார். வரட்டும். 'முறைப்படுத்து' என்று வினையாக்கியதும் அந்தப் பொருள் விலகிவிடுகிறது. முறைப்படுத்து புரதம், முறைப்படுத்து பகுதி, மரபணு முறைப்படுத்து வலை என்று ஒரே வேரிலிருந்து எல்லாமே கிளைக்கும். இப்போதோ ஒரே பாடத்தில் முதல் பத்தியில் 'கட்டுப்பாடு', அடுத்ததில் 'நெறிப்படுத்தல்', படத்தின் கீழே 'ஒழுங்குமுறை' என்று வருகிறது. பிள்ளைகள் அதை மூன்று வேறு செயல்கள் என்று நினைத்து மனப்பாடம் செய்கிறார்கள். என் சொல் பிடிக்கவில்லை என்றால் 'நெறிப்படுத்தல்' என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதையே எழுதுங்கள். 'கட்டுப்பாடு' மட்டும் ஒடுக்கிப் புரதத்தின் பத்தியோடு நிற்கட்டும்.