பிஎச் மீட்டர் 7.00 காட்டினால் போதுமா?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பொறியியல் மாணவர்களிடம் முதல் நாளே, அயனிச் செறிவையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைக் கேட்பேன். பெரும்பாலும் தடுமாறாமல் எழுதிவிடுவார்கள். அப்புறம் நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரைக் கொடுத்து ‘கேலிபரேட் பண்ணுங்க’, அதாவது அளவு சரியா என்று ஒப்பிட்டுத் திருத்துங்கள் என்றால், 7 பஃபரில் (பிஎச் 7 என்று முன்பே தெரிந்த கரைசல்) மட்டும் முக்கிவிட்டு, 7.00 வந்ததும் ‘ரெடி சார்’ என்கிறார்கள். அந்தச் சமன்பாட்டைத்தான் கையில் பிடித்திருக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வருத்தமே அதில்தான்.

பிஎச் மீட்டர் அடிப்படையில் ஒரு வோல்ட்மீட்டர். நீரில் முக்கும் குச்சியான எலக்ட்ரோடின் நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழின் உள்ளும் வெளியும் ஹைட்ரஜன் அயனிகள் வேறுபடுவதால் எழும் மின்னழுத்தத்தை அளக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் ஓர் அலகு மாறினால் 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும். இதுதான் சரிவு, அதாவது ஸ்லோப். 7-இல் மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். சரிவு குறைந்துபோன எலக்ட்ரோடும் அங்கே பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அதனால் 7-இல் மட்டும் பார்த்தால் கோளாறு தெரியவே தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய எலக்ட்ரோடின் சரிவு 50 மில்லிவோல்ட்டாக இறங்கிவிட்டது. கழிவுநீரின் உண்மையான பிஎச் 9.1, அதாவது 7-இலிருந்து 2.1 அலகு தள்ளி. எலக்ட்ரோடு தருவது 2.1 × 50, அதாவது 105 மில்லிவோல்ட் (குறியை விட்டுவிடுவோம்). மீட்டர் அதை 59.16-ஆல் வகுத்து, வரும் 1.77-ஐ 7-உடன் கூட்டி 8.77 என்று காட்டும். ஆறு, ஏரியில் விடும் கழிவுநீருக்கு நம் நாட்டின் பொது வரம்பு 5.5 முதல் 9.0 வரை. வரம்பு மீறிய தண்ணீர், பதிவேட்டில் சரியான தண்ணீராக ஏறி ஆற்றுக்குப் போய்விடுகிறது.

ஆகவே குறைந்தது இரண்டு பஃபர் வேண்டும், நாம் அளக்கும் மாதிரி அவற்றுக்கு நடுவில் வரும்படி. காரநீர் என்றால் 6.86-உம் 9.18-உம்.

அந்த 9.18 போராக்ஸ் பஃபரிடம் கூடுதல் கவனம் தேவை. மூடியைத் திறந்து போட்டால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், அது கரைந்து அமிலமாகி பிஎச் மெல்ல இறங்கும். சிறிதளவு அமிலத்தைத் தாங்குவதுதான் பஃபரின் வேலை, ஆனால் நாள்கணக்கில் வந்து சேர்ந்தால் அதுவும் என்ன செய்யும்? ஒருமுறை எலக்ட்ரோடு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஆர்டர் போடும் வரை போய்விட்டோம். கடைசியில் பார்த்தால் மூடி தளர்ந்த பாட்டில்தான் காரணம். புது பஃபரில் அதே எலக்ட்ரோடு ஒழுங்காக வேலை செய்தது. பீக்கரில் ஊற்றிய பஃபரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றும் பழக்கத்தையும் அன்றோடு நிறுத்தினோம்.

எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்காதீர்கள். உள்ளேயுள்ள உப்பு கசிந்து வெளியேறும், அளவு நிலைக்க நேரமாகும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் அதற்கு இடம்.

இப்போது எங்கள் பதிவேட்டில் பிஎச் கட்டத்துக்குப் பக்கத்தில் சரிவுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சரிவு 59.16-இல் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எலக்ட்ரோடைக் கழுவி, ஊறவைத்து, புது பஃபரில் மறுபடி பார்ப்போம். அப்போதும் 90-ஐத் தாண்டவில்லை என்றால் மாற்றிவிடுவோம்.