வாரண்டி முடிந்தபின் கியர்பாக்ஸ் பழுதா? எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன்

ஆட்டோமேட்டிக் காரில் ‘கியர்பாக்ஸ் போய்விட்டது’ என்று சொல்லி வரும் வண்டிகள் பலவற்றில் பற்சக்கரங்களுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியோ, எண்ணெய் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலினாய்டோ, கிளட்ச்சோ, சில நேரம் வெறும் வயரோதான் கெட்டிருக்கும். ஆனால் எஸ்டிமேட் முழு அசெம்பிளிக்கு வரும், அதுவும் லட்சங்களில். உள்ளே பிரித்துப் பார்க்கும் கருவியும் ஆளும் பல சர்வீஸ் சென்டர்களில் இல்லை என்பது ஒரு காரணம். முழுதாக மாற்றினால் திரும்பி வரும் புகார் குறைவு என்பது இன்னொன்று. அவர்கள் பக்கத்தில் அது நியாயமாகவே இருக்கலாம். வாரண்டி இருக்கும்வரை உங்களுக்கும் அது லாபம்தான். வாரண்டி முடிந்தபின் அந்தச் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும். ஆகவே எந்தப் பாகம், எந்த ஆதாரத்தின்பேரில் கெட்டது என்று எழுத்தில் வரும்வரை எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

வண்டி நின்ற இடத்திலேயே கவனம் தேவை. இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் (பெரும்பாலும் முன்சக்கரங்கள்) தரையில் உருள, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் டிரான்ஸ்மிஷனின் எண்ணெய் பம்ப் சுற்றும். நியூட்ரலில் இழுத்தால் உள்ளே உயவே இல்லாமல் பாகங்கள் உராயும். நான்கு சக்கரங்களும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வண்டியைக் கேளுங்கள். பக்கத்து மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி எரர் கோடுகளை (வண்டியின் கணினி பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடுகள்) அழித்துவிட்டு ‘ஓட்டிப் பாருங்க’ என்றால் தடுத்துவிடுங்கள். கோடு பதிவான நொடியில் வேகம், எண்ணெய் சூடு, வோல்டேஜ் எவ்வளவு என்ற விவரமும் பல வண்டிகளில் கூடவே சேமிக்கப்படும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் பிரிண்ட், இல்லையேல் திரையின் போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சரிசெய்யாமல் கியர்பாக்ஸ் கோடு எதையும் நம்ப முடியாது. எர்த் வயர், ஃபியூஸ், கனெக்டரில் துரு அல்லது தண்ணீர் ஆகியவற்றையும் இதோடு பார்த்துவிட வேண்டும். அரை மணி நேர வேலை. இதைப் பாராமல் எழுதிய எஸ்டிமேட் எஸ்டிமேட்டே அல்ல.

எந்த வகை கியர்பாக்ஸ், எது கெடும்?

நம் ஊரில் அதிகம் அலைக்கழிப்பது உலர் கிளட்ச் (எண்ணெயில் நனையாத கிளட்ச்) கொண்ட 7 கியர் டி.எஸ்.ஜி., அதாவது ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் வரும் டிக்யூ200. இதில் இரண்டு கிளட்ச். கே1 என்பது 1, 3, 5, 7-க்கு. கே2 என்பது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. எந்தக் கியர்கள் போயின என்று ஓட்டுநர் சரியாகச் சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும். ரிவர்ஸும் இரட்டைப்படைக் கியர்களும் சேர்ந்து போயிருந்தால் சந்தேகம் கே2 பக்கம். எல்லாக் கியரும் ஒரே நேரத்தில் போய், பி17பிஎஃப் என்ற கோடு இருந்தால் மெக்கட்ரானிக் யூனிட்டைப் பார்க்க வேண்டும். கணினி, எண்ணெய் பம்ப், வால்வுகள் எல்லாம் சேர்ந்த பெட்டி அது. அதன் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் மரை ஏறும் அலுமினிய உடல் நாளடைவில் விரிசல் விடும். எண்ணெய் கசியும், அழுத்தம் நிற்காது, பம்ப் ஓயாமல் ஓடும், கடைசியில் கணினி பம்ப்பை நிறுத்திவிடும்.

இந்தப் பழுதுக்கு முழு கியர்பாக்ஸ் தேவையே இல்லை. மெக்கட்ரானிக் தனியாகக் கழலும். அதற்குள்ளேயும் விரிசல் விட்ட உடலை மட்டும் வலுவூட்டியதாக மாற்றித் தருகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். மெக்கட்ரானிக் எண்ணெய் சுமார் 1 லிட்டர், பற்சக்கரப் பகுதியின் எண்ணெய் சுமார் 1.7 லிட்டர், இரண்டும் தனித்தனி அறை, தனித்தனி எண்ணெய். ‘டி.எஸ்.ஜி. ஆயில்’ என்று பில்லில் ஒரே வரியாக எழுதியிருந்தால் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பேசிக் செட்டிங் (ஆரம்ப அளவுகளைப் பதிவது) செய்து, பிறகு சாலையில் ஓட்டி அடாப்டேஷன் (கணினி புதுப் பாகத்துக்குப் பழகுவது) முடிக்க வேண்டும். இதை விட்டால் புதுப் பாகமும் உதறும். ‘கிளட்ச்சும் மாற்றணும்’ என்று அடுத்த எஸ்டிமேட் வரும். பழைய தலைமுறை உலர் கிளட்ச்சில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) அளவெடுத்துப் போடுவதும் உண்டு. அதற்கான கருவி இல்லாத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

டார்க் கன்வர்ட்டர் வகைக்கு, அதாவது இன்ஜின் விசையை எண்ணெய் வழியே கடத்தும் ஆட்டோமேட்டிக்குக்கு, எமன் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்). ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் அறை இருக்கும் வண்டிகளில், நடுச்சுவர் அரித்தால் இரண்டும் கலக்கும். எண்ணெய் பால் ஊற்றியதுபோல இளஞ்சிவப்பாக மாறும். தண்ணீர் உராய்வுத் தகடுகளின் பசையை இளக்கிவிடும். அப்படிக் கலந்தபின் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவுதான். உடனே கண்டுபிடித்தால் ரேடியேட்டரை மாற்றி, எண்ணெயைப் பல முறை மாற்றித் தப்பிக்க வாய்ப்புண்டு. ‘எண்ணெய் மாற்றினேன்’ என்பதிலும் கவனம் வேண்டும்: ஒரு முறை வடித்து ஊற்றினால் கன்வர்ட்டருக்குள் நிற்கும் பழைய எண்ணெய் அப்படியே இருக்கும். புது வகைகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. சமதளத்தில், இன்ஜின் ஓடும்போது, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய்ச் சூட்டில், அளவு பிளக் வழியாகத்தான் மட்டம் பார்க்க வேண்டும். எண்ணெய் அளவு குறைவாலேயே கியர் நழுவி, அதற்கு முழு கியர்பாக்ஸ் எஸ்டிமேட் போடுவது நடக்கிற கதைதான்.

கியர் படிகளுக்குப் பதிலாகப் பெல்ட்டும் புல்லியும் கொண்ட சி.வி.டி.-யில் அவை கீறிவிட்டால் பெரும்பாலும் அசெம்பிளி மாற்றம்தான். அங்கே வால்வ் பாடி தவிர சிக்கனத்துக்கு இடம் குறைவு. அதற்குச் சாதாரண ஏ.டி.எஃப். (மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்கான எண்ணெய்) ஊற்றியவர்களுக்கு வழியே இல்லை. ஏ.எம்.டி. உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். அது கிளட்ச்சையும் கியரையும் கணினியே இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கெடுவது மேலே உட்கார்ந்து அவற்றை இயக்கும் ஆக்சுவேட்டரும் கிளட்ச்சும்.

பழைய ஜாப் கார்டைத் தேடுங்கள்

எல்லாவற்றையும் விடப் பணம் மிச்சப்படுத்துவது இதுதான். வாரண்டி இருந்தபோதே ‘ரெண்டாவது கியரில் உதறுது’ என்று ஒரு முறையாவது சொல்லியிருந்தீர்களா? அது ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் புகார்ச் சீட்டு) ஏறி, எதிரே ‘செக்டு, ஓகே’ என்று எழுதப்பட்டிருந்தால், இன்றைய பழுது அன்றே தொடங்கியது என்று வாதிட உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. வாயால் சொல்லி, எழுத்தில் ஏறாத புகார் கணக்கில் வராது. வாரண்டி முடிய சில மாதம் இருப்பவர்கள் இன்றே போய்ச் சின்ன உதறலைக்கூட உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள்.

பிறகு தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல். டீலரிடம் பேசுவது மட்டும் போதாது. சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், வாரண்டி முடிந்த தேதி, சர்வீஸ் வரலாறு, எரர் கோடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில். மூன்று கேள்விகள்: இந்தச் சேஸிஸ் எண்ணுக்கு ரீகால் அல்லது நீட்டித்த வாரண்டி உண்டா? இந்தக் கோடுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கை உண்டா? குட்வில் அடிப்படையில் பாகச் செலவில் பங்கேற்பீர்களா? குட்வில் உரிமை அல்ல, சலுகை. சர்வீஸ் முழுவதும் அவர்களிடமே செய்திருந்தால், வாரண்டி முடிந்து அதிக நாள் ஆகாதிருந்தால் வாய்ப்பு கூடும். வண்டியைப் பிரிக்கும் முன் கேட்க வேண்டும். சரிசெய்தபின் கேட்டால் கதவு அடைபடும்.

பெரிய நிறுவனங்கள் இறங்கி வந்ததற்குப் பதிவுகள் உண்டு. 2013 மார்ச்சில் சீனாவில் டி.எஸ்.ஜி. கோளாறுக்காக ஃபோக்ஸ்வேகன் 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் 7 கியர் டி.எஸ்.ஜி.-யின் சிந்தெடிக் எண்ணெயை மினரல் எண்ணெயாக மாற்ற உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களுக்கு அறிவிப்பு வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் மின்கோளாறு வரலாம் என்பதே காரணம். சென்னை வெயிலில், நெரிசலில் அந்தக் கால வண்டி வைத்திருப்பவர்கள் எண்ணெய் மாற்றப்பட்டதா என்று கேட்டுப் பதிவு வாங்குங்கள். பவர்ஷிஃப்ட் என்ற தன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2018-இல் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, தானாக வரும் இயந்திரக் கோளாறு, தேய்மானம் இரண்டுக்கும் பணம் வராது. ஆனால் வேகத்தடையிலோ கல்லிலோ அடிபட்டு ஆயில் பேன் உடைந்தால் அது விபத்து. அங்கேயே இன்ஜினை நிறுத்தி, போட்டோ எடுத்து, அழைத்துச் சொல்லுங்கள். எண்ணெய் ஒழுக ஒழுக வீடுவரை ஓட்டினால், பிறகு கெட்டதை ‘தொடர் சேதம்’ என்று தள்ளிவிடுவார்கள். மழைநீர் கியர்பாக்ஸின் பிரீதர் (காற்றுத் துளை) வழியே புகுந்ததற்கும் இதே எச்சரிக்கைதான். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சென்னையின் பழைய வண்டிப் பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் கிடைக்கும், விலையும் மனத்தை இழுக்கும். வாங்குபவர் கியர்பாக்ஸின் மேல் பொறித்த எழுத்துக் குறியீடு அப்படியே பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் பல் விகிதம் வேறாக இருக்கும். கணினிப் பகுதியை உங்கள் வண்டிக்குக் கோடிங் செய்ய ஆள் இருக்கிறாரா என்பதையும் முன்பே உறுதிசெய்யுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் வம்பு உங்களுக்கு.

இவை எதற்கும் பலன் இல்லை என்றால் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உற்பத்திக் குறை என்று காட்ட வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தோளில்தான் வரும். எனவே பிரிக்கும்போது கூடவே இருந்து படம் எடுங்கள், சுயேச்சையான பொறியாளரின் எழுத்துக் கருத்தை வாங்குங்கள், கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் யூனிட் என்று பழையதைக் கொடுத்துவிட்டால் ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்திடம் ஒன்றும் இருக்காது.

வண்டியை எடுக்கும் நாளில் பில்லில் பாக எண், எண்ணெயின் பெயரும் லிட்டரும், போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் எத்தனை மாத உத்தரவாதம் என்பது வரை எழுதி வாங்குங்கள். அடாப்டேஷன் முடிந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து வாங்கி, சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் கசிவும் கோடும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.