நீர் மாத்திரையும் படுக்க ஓர் இடமும்

பொது மருத்துவராகப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய பிறகுதான் வீடற்றோருக்கான தெருவோர மருத்துவக் குழு ஒன்றில் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு இரவு. ஒரு வேன், ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், நான். சேர்ந்த முதல் மாதமே ஒரு பெரியவர் வந்தார். அறுபதை ஒட்டிய வயது. இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இதயமா, சிறுநீரகமா என்று என் மனது வழக்கமான தடத்தில் ஓடியது. ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, காலையில் ஒன்று போடச் சொல்லி நீர் மாத்திரை கொடுத்தேன்.

அடுத்த வாரமும் அதே வீக்கம். அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. "ஐயா, ஏன் போடலை?" என்று கொஞ்சம் கடுப்போடுதான் கேட்டேன்.

"போட்டா அரை மணிக்கு ஒருதரம் ஒண்ணுக்குப் போகணும் டாக்டர். எங்க போறது?"

எனக்குப் பதில் இல்லை. அப்புறம்தான் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: ராத்திரி எங்கே தூங்குகிறீர்கள்? பூங்கா பெஞ்சில். படுத்தா? இல்லை, உட்கார்ந்து. பெஞ்சின் நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், யாரும் படுத்துவிடக் கூடாது என்று. தரையில் படுத்தால் காவலாளி தட்டி எழுப்புகிறார். ஆக, எட்டு மாதமாக அந்த மனிதர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். பரிசோதனையில் இதயமும் சிறுநீரகமும் சரியாகவே இருந்தன. கீழே இறங்கிய நீர் மேலேற வழியில்லாமல் காலிலேயே தேங்கியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு நான் மாத்திரை எழுதியிருந்தேன்.

இந்த வேலைக்கு வந்தபிறகு என் பழைய மருந்துச் சீட்டுகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 'மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு.' 'இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்.' 'கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளவும்.' ஒவ்வொரு வரிக்குள்ளும் ஒரு வீடு ஒளிந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, கடிகாரம், பூட்டக்கூடிய ஓர் அலமாரி. இன்சுலின் ஊசிகளைப் பையில் வைத்திருந்ததற்காகப் போதை ஊசி போடுகிறவர் என்று துரத்தப்பட்ட சர்க்கரை நோயாளி ஒருவர் எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்தவரை 'வீட்டில் ஆறு வாரம் ஓய்வெடுக்கவும்' என்று எழுதிய தாளோடு வாசலில் விட்டுவிட்டுப் போன மருத்துவமனையையும் தெரியும். அந்தத் தாளை எழுதியவர் கெட்டவர் இல்லை. நானும் அப்படிப் பல தாள்கள் எழுதியவன்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜிம் ஓ'கானல் என்ற மருத்துவர் 1985-ல் வீடற்றோருக்கான மருத்துவ வேலையைத் தொடங்கியபோது, அங்கிருந்த இரவுக் காப்பகத்தின் செவிலியர்கள் ஸ்டெதஸ்கோப்பை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, வந்தவர்களின் காலைக் கழுவிவிடும் வேலையைக் கொடுத்தார்கள். சில வாரங்களுக்கு அதுதான் அவருக்கு வேலை. காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் பேசுவார் என்பது அந்தச் செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. என் வீங்கிய கால் பெரியவரிடம் நான் நின்றுகொண்டு பேசினேன். ஒருவேளை உட்கார்ந்திருந்தால் முதல் வாரமே பெஞ்சைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

குடியிருப்போர் கூட்டங்களுக்கு எங்களையும் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் திட்டுவதற்கு. எந்தக் கூட்டத்திலும் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வரும். அவர்களுக்கு வேலை செய்யச் சோம்பல். எல்லாம் குடியால் வந்த வினை. காப்பகம் இருக்கிறதே, அங்கே போக வேண்டியதுதானே?

முதல் வாக்கியத்துக்கு ரொம்ப நேரம் செலவழிக்க மாட்டேன். நான் பார்ப்பவர்களில் பலர் வேலைக்குப் போகிறார்கள். சுமை தூக்குகிறார்கள், இரவெல்லாம் அலுவலகங்களைத் துடைக்கிறார்கள், குப்பை பிரிக்கிறார்கள். அந்தக் கூலியில் வாடகையும் முன்பணமும் சேர்வதில்லை.

குடி விஷயம் சிக்கலானது. குடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. குடியால் வீட்டை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தெருவுக்கு வந்தபிறகு, பயமில்லாமல் இரண்டு மணி நேரம் கண்ணை மூடுவதற்காகக் குடிக்க ஆரம்பித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போதைதான் முக்கியக் காரணம் என்றால், போதை அதிகமுள்ள இடத்தில்தான் வீடற்றோரும் அதிகம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா போதை மருந்துச் சாவு விகிதத்தில் பல வருடங்களாக முதல் வரிசையில் இருக்கும் மாநிலம். ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் அங்கே வீடற்றோர் கலிஃபோர்னியாவைவிட மிகக் குறைவு. கலிஃபோர்னியாவில் வாடகை அப்படி. குடி ஒருவரைத் தள்ளாட வைக்கும். தள்ளாடுகிறவர் நடுத்தெருவில் விழுவதும் நாலு சுவருக்குள் விழுவதும் வாடகையைப் பொறுத்தது.

காப்பகத்துக்கு ஏன் போவதில்லை என்ற கேள்வி நியாயமானது. நானே கேட்டிருக்கிறேன். ஓர் அம்மா அலுவலகக் கட்டடத்தில் இரவுத் துப்புரவு வேலை பார்த்தார். காப்பகத்தின் கதவு இரவு ஒன்பதுக்கு மூடும், காலை ஆறரைக்கு எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். அவருக்கு வேலை முடிவதே காலை ஆறு மணிக்கு. வேலையா, படுக்கையா என்றால் அவர் வேலையைத் தேர்ந்தெடுத்தார். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றால் முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி எப்படிப் பிரிந்து போவார்கள்? நாய் வைத்திருப்பவரிடம், நாய்க்கு அனுமதியில்லை என்பார்கள். ராத்திரியில் பக்கத்தில் வந்து நிற்பவனைப் பார்த்துக் குரைக்க அந்த நாயை விட்டால் அவருக்கு வேறு யாருமில்லை. செருப்பு திருட்டுப் போகும், அடையாள அட்டை திருட்டுப் போகும், மூட்டைப்பூச்சி கடிக்கும். நல்ல காப்பகங்களும் உண்டு. அங்கே இடம் கிடைப்பதில்லை.

நம் கண்ணில் படுகிறவர்களை வைத்து மொத்தத்தையும் எடைபோடுவதில் இன்னொரு பிசகு இருக்கிறது. டென்னிஸ் கல்ஹேன் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர் ஒருவரும் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரக் காப்பகங்களின் பதிவேடுகளை அலசி 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் ஒரு குறுகிய காலம் தங்கிவிட்டு வெளியேறிவிட்டார்கள். சுமார் 10 சதவீதம் பேர் வந்து வந்து போனார்கள். மீதி 10 சதவீதம்தான் நீண்ட காலம் தங்கியவர்கள். மொத்தப் படுக்கை நாட்களில் பாதியை ஒட்டி அவர்களே எடுத்துக்கொண்டார்கள். தெருமுனையில் வருடக்கணக்கில் நாம் பார்க்கும் அந்த ஒருவர் இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். உறவினர் வீட்டு வராந்தாவில் மூட்டையோடு படுத்திருக்கும் குடும்பமும், காரில் தூங்கிவிட்டுக் காலையில் முகம் கழுவி வேலைக்குப் போகிறவரும் யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் மருத்துவராக ஒன்று. தெருவில் அசைவில்லாமல் கிடப்பவரைப் பார்த்ததும் 'குடித்துவிட்டுக் கிடக்கிறார்' என்று முடிவு கட்டாதீர்கள். ஒருமுறை எங்கள் வேனைத் தாண்டிப்போன ஒருவர், "அங்க ஒரு ஆள் ஓவராக் குடிச்சிட்டு உளர்றான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல், மது வாசனை துளியும் இல்லை. ரத்தச் சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு கிடைக்காமல் இருந்திருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, செருப்பு எங்கே என்று தேடினார். அதற்கு முன் எத்தனை பேர் அவரைத் தாண்டிப் போனார்களோ. தலையில் அடி, வலிப்பு, கடும் வெயிலில் உடம்பு சூடேறுவது, குளிரில் விறைப்பது, எல்லாமே தூரத்திலிருந்து பார்த்தால் போதை மாதிரிதான் தெரியும். கூப்பிட்டுப் பாருங்கள். தோளைத் தட்டுங்கள். பதில் இல்லையென்றாலோ பேச்சு குழம்பியிருந்தாலோ ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை அங்கேயே நில்லுங்கள். நிற்பது முக்கியம், யாரும் பக்கத்தில் இல்லையென்றால் வண்டி தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடக்கூடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018-ல் இறந்த வீடற்றோரின் சராசரி வயது ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43 என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் கணித்தது. வளர்ந்த நாட்டுக் கணக்கு அது. அந்த வயதில் நம்மில் பலர் வீட்டுக் கடனின் பாதித் தவணையைக்கூடக் கட்டியிருக்க மாட்டோம்.

பொருள் கொடுப்பதென்றால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். விசேஷ நாளன்று ஒரே ஆளுக்கு ஏழு சாப்பாட்டுப் பொட்டலம் வரும், அடுத்த நாள் ஒன்றும் வராது. ஏழில் ஐந்து கெட்டுப்போகும், அதைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கோடு இரண்டு பேர் என்னிடம் வருவார்கள். கேட்காவிட்டால் யாருக்கும் கொடுக்கத் தோன்றாத பொருள்கள் சில உண்டு: உள்ளாடை, காலுறை, சானிட்டரி நாப்கின், மூக்குக் கண்ணாடி, ஜிப் வைத்த நீர்புகாத சின்னப் பை. அந்தப் பை எதற்கு என்றால், அடையாள அட்டையும் மருத்துவச் சீட்டும் நனையாமல் இருக்க. அட்டை போய்விட்டால் மறுபடி வாங்க முகவரி கேட்பார்கள். செல்போனை ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுத் தருகிற கடைக்காரர், எனக்குத் தெரிந்து, பல அறக்கட்டளைகளைவிடப் பெரிய வேலை செய்கிறார். வேலைக்கு ஆள் கூப்பிடுவதும், எங்கள் செவிலியர் கூப்பிடுவதும் அந்தப் போனில்தான்.

படம் எடுக்காதீர்கள். கொடுக்கும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். கணவரின் அடிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த பெண் எங்கே இருக்கிறார் என்பதை அந்தப் படம்தான் காட்டிக்கொடுக்கும்.

பணம் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் ஐம்பது பேருக்கு நிபந்தனை எதுவுமின்றி ஆளுக்கு 7,500 கனடா டாலரை ஒரே தவணையில் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. பணம் வாங்காத குழுவோடு ஒப்பிட்டால், வாங்கியவர்கள் அடுத்த ஒரு வருடத்தில் வீடின்றிக் கழித்த நாட்கள் குறைந்தன. மதுவுக்கும் போதைக்குமான செலவு கூடவில்லை. பொதுமக்களிடம் முன்கூட்டியே கேட்டபோது கூடும் என்றுதான் கணித்திருந்தார்கள். ஆனால் கடுமையான போதைப் பழக்கமும் மனநோயும் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர்களுக்கு என்ன வழி? 'திருந்திவிட்டு வா, வீடு தருகிறோம்' என்ற வரிசையைத் திருப்பிப்போட்டு, வீட்டை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கும் முறையை 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கினார். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தது. கடைசி ஆறு மாதத்தைக் கணக்கெடுத்தபோது, வீடு பெற்ற குழுவில் 62 சதவீதம் பேர் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவி பெற்ற குழுவில் 31 சதவீதம். போதையும் மனநலப் பிரச்சினையும் மட்டும் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. அதாவது வீடு கொடுத்தால் வீடின்மை தீர்கிறது. மற்ற நோய்களுக்கு வைத்தியம் தனியாகத் தேவை. எனக்கு அதில் ஏமாற்றமில்லை. ஃபின்லாந்து 2008 முதல் இதையே நாட்டுக் கொள்கையாக்கி, பழைய காப்பகங்களைத் தனித்தனிச் சிறு வீடுகளாக மாற்றியது. 1980-களின் கடைசியில் 20,000-ஐ ஒட்டியிருந்த எண்ணிக்கை 2023-ல் சுமார் 3,400 ஆனது. 2024-ல் மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது.

இதையெல்லாம் ஒரு குடியிருப்போர் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா எழுந்தார். "ஃபின்லாந்து இருக்கட்டும் டாக்டர். எங்க மாடிப்படியில தினமும் காலையில யாரோ அசிங்கம் பண்ணி வெச்சிருக்காங்க. நான்தான் கழுவறேன். எனக்கு என்ன சொல்றீங்க?" கூட்டத்தில் கைதட்டல். எனக்கும் கைதட்டத் தோன்றியது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. பக்கத்துப் பொதுக் கழிப்பறையை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், இரவு எட்டரைக்கு. நீர் மாத்திரைப் பெரியவர் சொல்லியிருந்தார்.

வீடற்றோரை அப்புறப்படுத்தக் கோரி மனு எழுதத்தான் அந்தக் கூட்டம் கூடியது. மனு எழுதினார்கள், ஆனால் கழிப்பறையை இரவிலும் திறந்துவைக்கக் கேட்டு. முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது. அதிகாரிகள் ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். அவரும் விடாமல் நடந்தார். வீடற்றோர் மீது அவருக்குப் பாசம் பொங்கிவிடவில்லை. இன்றும் என்னைப் பார்த்தால், "உங்க ஆளுங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அது போதும். மாடிப்படி சுத்தமாக இருக்கிறது, கழிப்பறையும் திறந்திருக்கிறது.

பெரியவருக்கு அறை கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அதில் எட்டு மாதம் பிறந்த தேதிக்குச் சான்று தேடுவதிலேயே போனது. எங்கள் சமூகப் பணியாளர் பதினோரு முறை அலைந்தார். அறைக்குப் போய் மூன்று வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஜிப் வைத்த பையை எடுத்தார். அடையாள அட்டைக்குப் பின்னால் நான் எழுதிக் கொடுத்த நீர் மாத்திரை அட்டை, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது.

"வேற யாருக்காச்சும் ஆகும், வெச்சுக்குங்க" என்று நீட்டினார்.

காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.