நாய் நன்றாகத்தானே இருக்கிறது?

சோபாவுக்கு அடியில் கிழிந்த சாக்லேட் உறை. பக்கத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு நாய். உறைக்குள் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. வாயைத் திறந்து பார்க்கிறோம், வயிற்றைத் தடவிப் பார்க்கிறோம், அப்புறம் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். நாய் வளர்ப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த வாக்கியம்தான். விழுங்கியதற்கும் உடம்பு அதைக் காட்டிக்கொடுப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. சில பொருட்களுக்கு அது அரை மணி நேரம், சிலவற்றுக்கு நான்கைந்து நாள். மருத்துவர் எளிதாகக் காப்பாற்ற முடிவது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான்.

கண்டதையும் விழுங்குவானேன் என்று கேட்கலாம். மனித நாக்கில் ஏறக்குறைய 9,000 சுவைமொட்டுகள் இருக்கின்றன என்றால், நாய்க்குச் சுமார் 1,700தான். வாசனை பிடித்துவிட்டால் போதும். மென்று, ருசித்து, யோசித்துத் துப்பும் வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. நம் வியர்வை நாற்றமடிக்கும் காலுறை அதன் மூக்குக்குப் பலகாரம்.

சாக்லேட்டுக்கு வருவோம். கோகோவில் தியோப்ரோமின் என்ற பொருள் இருக்கிறது. காபியிலுள்ள கஃபீனுக்கு நெருங்கிய உறவு. நம் கல்லீரல் இதில் பாதியை ஏறக்குறைய 7 மணி நேரத்தில் தீர்த்துவிடும். நாயின் கல்லீரலுக்கு அதே வேலைக்கு 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போதாக்குறைக்கு, சிறுநீர்ப்பைக்குப் போன தியோப்ரோமின் அதன் சுவர் வழியாக மறுபடியும் ரத்தத்துக்குத் திரும்பக்கூடியது. சாக்லேட் தின்ற நாயை அடிக்கடி சிறுநீர் கழிக்கவைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியாக இருப்பது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோப்ரோமின் சேர்ந்தாலே வாந்தியும் படபடப்பும் தொடங்கலாம். 60 மில்லிகிராமைத் தொட்டால் வலிப்பு வரலாம். 10 கிலோ நாய் என்றால் தொடக்க எல்லை 200 மில்லிகிராம். பால் சாக்லேட்டில் அந்த அளவு கிடைக்க 100 கிராம் வேண்டும். கேக் செய்யப் பயன்படும் கசப்பு சாக்லேட்டிலோ கிராமுக்குச் சுமார் 15 மில்லிகிராம் இருப்பதால் 14 கிராமே போதும். ஆகவே மருத்துவர் "எவ்வளவு தின்றது?" என்பதோடு "எந்தச் சாக்லேட்?" என்றும் கேட்பார்.

இதைவிட வேகமானது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங் கம், மிட்டாய், சில பற்பசைகள், சில வேர்க்கடலை வெண்ணெய்களில் இனிப்புக்காகச் சேர்ப்பது. சில உறைகளில் 'பிர்ச் சுகர்' என்றும் அச்சிட்டிருக்கும். நம் கணையம் இதைக் கண்டுகொள்வதில்லை. நாயின் கணையமோ சர்க்கரைதான் வந்துவிட்டது என்று நம்பி இன்சுலினைக் கொட்டுகிறது. வராத சர்க்கரைக்காக வந்த இன்சுலின், ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையை வழித்துக்கொண்டு போய்விடும். தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு. கிலோவுக்கு 0.1 கிராம் போதும் இதற்கு. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சூயிங் கம்மாக விழுங்கியிருந்தால் சில மணி நேரம் தள்ளியும் வரலாம். அளவு கூடினால் கல்லீரலே கெட்டுப்போகும்.

எலி மருந்து இதற்கு நேர்மாறு. அதில் ஒரு பெரிய வகை, ரத்தம் உறைவதைத் தடுப்பது. உறைவதற்கான புரதங்கள் சிலவற்றைத் தயாரிக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். பயன்படுத்திய வைட்டமினையே புதுப்பித்து மறுபடியும் பயன்படுத்துவது உடம்பின் வழக்கம். விஷம் அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. வரவு நின்றுவிட்டது, ஆனால் கையிருப்பு இருக்கிறது. அந்தக் கையிருப்பில்தான் நாய் இரண்டு மூன்று நாள் ஓடுகிறது, குரைக்கிறது, பந்தைக் கவ்விக்கொண்டு வருகிறது. தீர்ந்த பிறகுதான் ஈறில் ரத்தம், சோர்வு, மார்புக்குள் கசிந்தால் மூச்சுத் திணறல். நல்ல செய்தி, இதற்கு மாற்று மருந்து உண்டு: வைட்டமின் கே1, பல வாரங்களுக்கு. கெட்ட செய்தி, எல்லா எலி மருந்தும் இந்த வகை இல்லை. ஒன்று மூளையை வீங்கவைக்கும், இன்னொன்று ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டால் நச்சு வாயுவாகும். நாய் வாந்தியெடுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. கிழிந்த பாக்கெட்டைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்பது இதற்காகவே.

விஷமில்லாத பொருட்களின் கதை வேறு. காலுறை, துணி, மரத்துண்டு ஆகியவை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அடைபட்ட இடத்துக்கு முன்னால் வாயு நிரம்பி உப்பிய குடலைப் பார்த்துத்தான் மருத்துவர் ஊகிப்பார், அல்லது ஸ்கேன் எடுப்பார். நூலும் நாடாவும் எனக்கு இன்னும் பயம் தருபவை. ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையின் வாசலிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் முன்னே தள்ளப் பார்க்கும். நூல் நகராது, குடல்தான் நூலின் மேல் ஏறும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குமே, அதேபோல. இறுகிய நூல் குடல் சுவரை அறுத்தும்விடும். பின்பக்கம் நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள்.

பட்டன் பேட்டரிக்கு இடைவெளியே கிடையாது. ஈரமான உணவுக்குழாயில் சிக்கியதும் மின்னோட்டம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்மின் முனையருகே சதையை அரிக்கும் காரம் (அல்கலி) உருவாகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் சதை வெந்துபோகும்.

சரி, வாந்தி எடுக்கவைத்துவிட்டால்? மருத்துவர் பெரும்பாலும் அப்போமார்ஃபின் கொடுப்பார். மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதி ஒன்று, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்புக்கு வெளியே, ரத்தத்தில் விஷம் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் காவல்காரன்போல உட்கார்ந்திருக்கிறது. மருந்து அதைத் தட்டி எழுப்பும். விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம், அப்போதும் எல்லாம் வெளியே வந்துவிடாது. அமிலம், காரம், பெட்ரோல், பேட்டரி, கூரான பொருள் என்றால் வாந்தி கூடவே கூடாது; போன வழியிலேயே திரும்பி வந்து இரண்டாம் முறை கிழிக்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். வீட்டில் உப்புக் கரைசல் புகட்டுவது இன்னும் மோசம். வாந்தி வராவிட்டால் அந்த உப்பே ரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்கும், அதுவே உயிரைக் குடிக்கலாம்.

எனவே முதலில் தொலைபேசி. நாயின் எடை, என்ன, எவ்வளவு, எப்போது. நேரம் சரியாகத் தெரியாவிட்டால், அதைக் கடைசியாக வெறும் வாயோடு பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள்.

அப்போமார்ஃபின் வேலை செய்து சாக்லேட் எல்லாம் தரையில் கிடக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நாய் அதையும் தின்றுவிடும்.