படத்தில் தெரியாத சாமான்களை முதலில் வாங்குங்கள்

ஃப்ளாட் லே, அதாவது பொருளை மேசையில் பரப்பி நேர் மேலிருந்து எடுக்கிற படம்; அதற்கு என்னென்ன வாங்கணும் என்று கேட்டு எனக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலும் ஒரு லிங்க்கும் சேர்ந்தே வரும். பிளாஸ்டிக் இலை, போலி மார்பிள் ஷீட், சீரியல் லைட், பழைய ஆங்கிலப் புத்தகம் போன்ற அட்டை, எல்லாம் சேர்த்து ‘ப்ராப் காம்போ’, படத்தில் அழகுக்கு வைக்கிற சாமான்களின் செட். இதை வாங்கலாமா என்பார்கள். இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நகை, சோப்பு, மசாலாப் பொடி, சேலை என்று சிறு விற்பனையாளர்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். ஃப்ளாட் லே படம் சொதப்புவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: வெளிச்சம் சரியில்லை, கேமரா சாய்ந்திருக்கிறது, பொருள் உருண்டுவிட்டது. இந்த மூன்றுக்குமான சாமான் எதுவும் படத்தில் தெரியாது. காசு முதலில் அங்கேதான் போகவேண்டும்.

வெளிச்சத்துக்கு ஜன்னலே போதும். வெளிநாட்டு வீடியோக்களில் வடக்குப் பார்த்த ஜன்னலைத் தேடச் சொல்வார்கள், நேர் வெயில் வராது என்ற கணக்கில். நம் ஊருக்கு அது முழுசாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சிவேளைச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. அதனால் திசையைத் தேடி அலையாமல் வெள்ளைக் காடாத் துணி ஒன்றும் நாலு கிளிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் விழுந்தால் ஜன்னலில் கட்டிவிடலாம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல். டி.வி. பெட்டியில் வந்ததே போதும். கிட்டக் கொண்டுவந்தால் நிழல் வெளுக்கும், தள்ளினால் அடரும். கண்ணாடி பாட்டில், வெள்ளி நகை மாதிரி ஓரம் பின்னணியோடு கரைந்துபோகிற பொருளுக்குக் கறுப்புச் சார்ட் வைத்துப் பாருங்கள். விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு விழுந்து உருவம் எழும்பி வரும்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை லைட்டை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவில் மஞ்சள் பல்பு 2700 கெல்வின் பக்கம், பகல் வெளிச்சம் 5500 பக்கம். இரண்டும் கலந்தால் சேலையின் ஒரு பாதி மஞ்சளடிக்கும், மறுபாதி நீலமடிக்கும். எந்த ஆப்பிலும் அதை முழுசாகத் திருத்த முடியாது. லைட் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்கிற மதிப்பெண், 100க்கு) 95 இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் லைட்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து, கேமராவை மேலே நிறுத்துகிற கம்பி. ஓவர்ஹெட் ஆர்ம் என்று கேட்டால் தருவார்கள். ட்ரைபாடின் கால்களில் ஒன்று, கம்பி நீண்டிருக்கிற திசையிலேயே இருக்கவேண்டும். எதிர்முனையில் கனம் தொங்கவேண்டும். துணிப்பையில் உப்பு பாக்கெட்டுகளைப் போட்டுக் கட்டினாலும் போதும். இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். கம்பிக்குக் கீழே குனிந்து பொருளை நகர்த்துவது நீங்கள்தான், விழுந்தால் உங்கள் தலையில்தான் விழும். கேமராவின் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடுங்கள், ஃபிரேமுக்குள் தொங்கும். ஜூம் லென்ஸ் குப்புறப் பார்க்கும்போது தானாக வழுகி நீளும்; அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று மாட்டினால் நின்றுவிடும். போனில் எடுப்பவர்கள் கிட்டக் கொண்டுபோய் எடுக்காமல், டூ எக்ஸ் (2x) ஜூம் வைத்து போனை உயர்த்துங்கள். ஓரத்து டப்பாக்கள் வெளியே சாய்ந்ததுபோலத் தெரிவது குறையும்.

பின்னணி இரண்டு போதும், ஒன்று வெளிர், ஒன்று அடர். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையிலேயே மரம், சிமெண்ட் டிசைனை சன்போர்டில் (கனமில்லாத ஃபோம் பலகை) ஒட்டித் தருவார்கள். மேட் லேமினேஷன் என்று இரண்டு தடவை சொல்லுங்கள், பளபளப்பாகப் போட்டுவிட்டால் ஜன்னல் அப்படியே அதில் விழும். மரக்கோடுகள் நிஜ அளவில் இருக்கவேண்டும். சின்னதாக அடித்துவிட்டால் மேலே வைக்கிற தோடு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். சென்னைக்காரர்களுக்குச் சார்ட், அட்டை வகையறாவுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது.

அப்புறம் அந்தப் பழைய பிஸ்கட் டப்பா. ஷூட்டில் என் கை அதிகம் போகிற இடம் அதுதான். ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கிற, களிமண் மாதிரிப் பசை), வெட்டிய அழிரப்பர் துண்டுகள், பட்டறைக்காரர்கள் வைத்திருக்கிற சாமணம், மெல்லிய பெயின்ட் பிரஷ், காது பட்ஸ், தூசு ஊதுகிற ரப்பர் பம்ப், காட்டன் கையுறை. ஜிமிக்கியைப் படுக்கவைத்தால் குடை உருண்டு ஒருபக்கம் போய்விடும். அடியில் கடுகளவு ப்ளூ டாக் வைத்து நிறுத்திவிட்டு, தொங்குகிற முத்துகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக நேராக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, டீ குடித்துவிட்டு உட்காருங்கள். சங்கிலியைக் கையால் வட்டமாக வளைத்தால் கோணல்மாணலாகும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் ஓரமாகச் சுற்றிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிவிடுங்கள். கழுத்துப் பக்கம் சிறுத்துப் போகிற பாட்டில் படுத்ததும் தலை சாயும், கழுத்தடியில் அழிரப்பர் கொடுத்தால் லேபிள் மட்டமாக நிற்கும். ப்ளூ டாக்கைக் காகித லேபிளில் மட்டும் ஒட்டாதீர்கள், எண்ணெய்க் கறை விடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ப்ராப். அதற்கும் கடைக்குப் போகவேண்டாம், சமையலறைக்குப் போங்கள். மிளகாய்ப் பொடிக்குக் காய்ந்த மிளகாயும் முறமும், குளியல் பொடிக்குப் பூலாங்கிழங்கும் ரோஜா இதழும். பொடியோடு சம்பந்தமில்லாத யூகலிப்டஸ் இலை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புளி போட்டுத் தேய்த்த பித்தளையைவிடக் கொஞ்சம் கறுத்த பித்தளை படத்துக்கு நல்லது. எவர்சில்வர் தட்டு வைத்தால் சீலிங் ஃபேன் மூன்று இறக்கையோடு அதில் உட்கார்ந்திருக்கும், கூடவே நீங்கள் போட்டிருக்கிற சிவப்புச் சட்டையும். கறுப்புச் சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுத்தால் இரண்டும் மறையும். ஃபேனை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும், இதழ் பறக்கும்.

ப்ராப் வைப்பதில் ஒரு வில்லங்கமும் உண்டு. மாலையோடு தோடு, சோப்போடு மரத்தட்டு என்று அழகுக்கு வைத்ததை வாங்குபவர் செட் என்று நினைத்துவிடுவார். ஆன்லைன் வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பனைத் தளங்கள் விற்பவரிடம் உறுதிமொழி வாங்கவேண்டும்: படமும் விவரமும் நிஜப் பொருளோடு ஒத்துப்போகும் என்று. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ப்ராப் எதுவும் இல்லாத படம் ஒன்றும் எடுத்துக் கொடுத்து, அதை இரண்டாவதாகப் போடச் சொல்கிறேன். நகை என்றால் பக்கத்தில் ஸ்கேல் இருக்கும். சேலை என்றால் முதலில் கிரே கார்டு (நிறம் சரிபார்க்கிற சாம்பல் நிற அட்டை) வைத்து ஒன்று எடுத்து, அதை வைத்து நிறத்தைச் சரிசெய்துவிடுவேன். கலர் மாறி வந்திருக்கிறது என்று திரும்பி வருகிற பார்சலுக்குக் கூரியர் காசு பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழுகிறது.