இரண்டு மெஷின்காரர் கணக்கு

திருப்பூரில் புதிதாக இரண்டு நிட்டிங் மெஷின் போட்டவர் முதலில் செய்கிற காரியம், துணி பின்னித் தரும் கூலியில் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் ரேட் குறைத்துச் சொல்வது. நாற்பது மெஷின் ஓட்டுகிறவரால் அப்படிக் குறைக்க முடியாது. ஒரு பார்ட்டிக்குக் குறைத்தால் மறுநாள் காலையில் பழைய பார்ட்டிகள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். இரண்டு மெஷின்காரருக்குப் பழைய பார்ட்டியே கிடையாது, வந்தவரை லாபம்.

வெளிநாட்டுக் கம்பெனிகளை இழுக்க அயர்லாந்து போட்டதும் இதே கணக்குதான். 2022 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மக்கள்தொகை 51 லட்சம். நம் கோவை, திருப்பூர் மாவட்டங்களைச் சேர்த்தால் 2011-லேயே 59 லட்சம். உள்ளூரில் பெரிய கம்பெனிகள் அதிகம் இல்லாத நாடு வரியைக் குறைத்தால் கஜானாவில் பெரிதாக ஓட்டை விழாது. ஜெர்மனி குறைத்தால், ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டிருக்கிற அத்தனை உள்ளூர் கம்பெனிகளுக்கும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அயர்லாந்து 1956-இல் ஏற்றுமதி லாபத்துக்குச் சலுகை தந்தது. 1959-இல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி வரிச்சலுகை மண்டலம் அமைத்தது. 1981-இல் உற்பத்தித் தொழிலுக்கு 10% வரி. 2003 முதல் தொழில், வணிக லாபம் எல்லாவற்றுக்கும் 12.5%.

வெளிநாட்டில் விற்ற பொருளின் லாபம் அயர்லாந்துக்கு எப்படிப் போகிறது? நம் ஊர் டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். 30% வரி உள்ள ஒரு நாட்டில் அது 1,500 ரூபாய்க்கு விற்கிறது. கொள்முதல், சரக்குக் கட்டணம், கடை வாடகை எல்லாம் போக 400 ரூபாய் லாபம், 120 ரூபாய் வரி. இப்போது அந்த பிராண்டின் பெயர் அயர்லாந்தில் உள்ள துணை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எழுதிவைத்து, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் கட்டணமாக, அதாவது ராயல்டியாக, ஒரு சட்டைக்கு 350 ரூபாய் அனுப்புகிறார்கள். விற்ற நாட்டில் மிச்சம் 50, வரி 15. அயர்லாந்தில் 350-க்கு 12.5%, கிட்டத்தட்ட 44. மொத்தம் 59. வரி பாதியாகிவிட்டது, சட்டை அதேதான், தைத்தவர் கூலியும் அதேதான்.

சொந்தக் கம்பெனிகளுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் நடந்தாலும் வெளியாளுக்கு விற்கிற விலைதான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. நூலுக்கும் துணிக்கும் சந்தை விலை உண்டு, பிடித்துவிடலாம். ஒரு லோகோவுக்கு, ஒரு மருந்தின் காப்புரிமைக்கு எந்தச் சந்தையில் போய் விலை கேட்பது? ஓட்டை அங்கேதான். 2015-இல் சில நிறுவனங்கள் இப்படிப்பட்ட சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்ற, நாட்டின் மொத்த உற்பத்தி ஒரே வருடத்தில் 26% வளர்ந்ததாகக் காகிதத்தில் வந்தது.

ஆனால் லோகோவை மாற்றுவது வேறு, ஆயிரம் பேரை வேலைக்கு வைப்பது வேறு. ஆள் எடுக்கும்போது கம்பெனி உள்ளே வரும் வழியை மட்டும் பார்ப்பதில்லை, வெளியே போகும் வழியையும் பார்க்கும். அயர்லாந்தில் ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டாம். கூட்டமாக நீக்கினால் 30 நாள் கலந்து பேச வேண்டும். சட்டப்படி வருடத்துக்கு இரண்டு வாரச் சம்பளம், அதோடு ஒரு வாரம் கூடுதலாக, அதுவும் வாரத்துக்கு 600 யூரோ உச்சவரம்போடு. செலவு எவ்வளவு என்று முதல் நாளே எழுதிவிடலாம். சிங்கப்பூரில் ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று சட்டக் கட்டாயமே இல்லை.

நம் நாட்டில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்பு என்றால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டம் அந்த எல்லையை 300 ஆக்கியது. எல்லைக்குள் நிற்க ஒரே முதலாளி பக்கத்துக் காம்பவுண்டில் வேறு பெயரில் இன்னொரு யூனிட் போடுவதும், கான்ட்ராக்டில் ஆள் எடுப்பதும் நம் பக்கம் யாருக்கும் புதிதல்ல. கெடுபிடியான சட்டம் தொழிலாளியைக் காப்பாற்றியதா, கான்ட்ராக்டரை வளர்த்ததா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதற்காகச் சுலபமான கதவு நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. 2009-இல் டெல் நிறுவனம் லிமெரிக் நகரில் இருந்த கம்ப்யூட்டர் உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றியபோது சுமார் 1,900 பேருக்கு வேலை போனது. டென்மார்க்கிலும் ஆளை நீக்குவது சுலபம்தான், ஆனால் வேலையிழந்தவருக்கு இரண்டு வருடம் வரை உதவித்தொகையும் பயிற்சியும் உண்டு. அந்தப் பாதியை யாரும் அவ்வளவாகக் காப்பியடிப்பதில்லை.

இதில் வேடிக்கை ஆப்பிள் வழக்கு. ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரிபாக்கியை வசூல் செய் என்று 2016-இல் ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்துக்கு உத்தரவிட்டது. எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று அயர்லாந்தே கோர்ட்டுக்குப் போனது. வாங்கினால் மற்ற பார்ட்டிகள் என்ன நினைப்பார்கள்? 2024 செப்டம்பரில் தோற்று, வாங்கித்தான் ஆக வேண்டியதாயிற்று.

இதற்கிடையே சங்கம் ரேட் பேசுவது மாதிரி உலக நாடுகள் 2021-இல் ஒரு கீழெல்லை பேசி வைத்தன. வருடத்துக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வரவு உள்ள குழுமங்களுக்குக் குறைந்தது 15% வரி. 2024 முதல் அயர்லாந்தும் அதை வசூலிக்கிறது. சங்க ரேட்டுக்குக் கீழே போக முடியாவிட்டால் இரண்டு மெஷின்காரர் கடன் நாளைக் கூட்டிக் கொடுப்பார். அயர்லாந்து அதே 2024-இல் ஆராய்ச்சிச் செலவுக்குத் தரும் வரிக்கழிவை 25%-லிருந்து 30% ஆக்கியது.