பொலிப்: கட்டியா, விழுதா?

உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஸ்கான் றிப்போட்டோடு வந்தார். "தம்பி, கர்ப்பப்பையிலை பொலிப் எண்டு போட்டிருக்கு. கான்சரோ?"

நான் டொக்டர் இல்லை, சொற்களைக் கிண்டுகிறவன். ஆனாலும் மாமியின் பயத்தில் பாதி சொல்லால் வந்தது.

கிரேக்கத்தில் 'பொலி' என்றால் பல, 'பூஸ்' என்றால் கால். பலகாலி. கடலில் திரியும் எண்காலிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. மூக்குக்குள் வளரும் சதையையும் அந்தக் கால வைத்தியர்கள் அப்படியே அழைத்தார்கள். பவளத்தைக் கட்டும் சிற்றுயிருக்கும் பின்னாளில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது; புறாமலைக்குப் படகில் போய் நாம் பார்க்கும் பவளப்பாறை பொலிப்புகளின் வேலைதான். வேடிக்கை என்னவென்றால், கர்ப்பப்பைப் பொலிப்புக்குப் பல கால் கிடையாது. ஒரு காம்பு இருக்கும்; சிலவற்றுக்கு அதுவும் இல்லாமல் அடி அகன்று ஒட்டியிருக்கும்.

தமிழில் 'கட்டி' என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் குழப்பம். பைப்ரொய்டும் நமக்குக் கட்டிதான். ஆனால் அது கர்ப்பப்பைத் தசையில் உருண்டு வளர்வது. பொலிப் என்பது மாதாமாதம் தடித்து உதிரும் உட்படலம் ஓரிடத்தில் மிகுந்து வளர்ந்து உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது. எனக்கு 'விழுது' பிடிக்கும். ஆலமரத்தைப் பார்த்தவருக்கு உருவம் உடனே பிடிபடும். காம்பில்லாததற்குப் பொருந்தாதே என்பீர்கள். இருக்கட்டும், பலகாலியை விட எவ்வளவோ மேல்.

சரி, மாமியின் கேள்வி. பெரும்பாலான விழுதுகள் தீங்கற்றவை. வெட்டியெடுத்துச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்தால், மாதவிடாய் நிற்காத பெண்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 2 பேரிடமும், நின்றவர்களில் 5 பேரிடமும் புற்றோ புற்றுக்கு முந்திய நிலையோ இருந்திருக்கிறது. முந்திய நிலை என்பது கலங்கள் பெருகுவதோடு அவற்றின் வடிவமும் பிறழ்வது. பெருக்கம் மட்டும் என்றால் அவ்வளவு கவலை இல்லை. 'பிறழ்ந்த' என்ற அடைமொழி சேர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். அதை ஸ்கான் சொல்லாது. விழுதை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் இரத்தம் படுதல், உடற்பருமன், மார்புப் புற்றுக்குத் தமொக்சிபென் குடித்தல் ஆகியவை ஐயத்தைக் கூட்டும்.

மாமிக்கு நின்று பத்து வருடம். போன மாதம் கொஞ்சம் இரத்தம் பட்டதாம், சூடு என்று விட்டுவிட்டாராம்.

"விழுதோ? அப்ப எடுத்துப் பாக்கட்டும்," என்று றிப்போட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.